மணலும் கடலும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

டிசம்பர் பாடசாலை விடுமுறை நெருங்குவதால் இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கடற்கரையைப் பற்றியவை. எங்கே போகலாம் என்று கேட்டவர்கள் நிறையப் பேர். போன இடத்தில் எதைக் கவனிக்கவேண்டும் என்று கேட்டவர்கள் குறைவு. அதனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் இடத்திலேயே கேளாததையும் சேர்த்திருக்கிறோம்.

டிசம்பர் விடுமுறைக்கு நிலாவெளிக்குப் போகவேண்டுமென்று பிள்ளைகள் நிற்கிறார்கள். ஓகஸ்டில் போய்வந்த அயல்வீட்டார் கடல் குளம்போலக் கிடந்தது என்கிறார்கள். நம்பிப் போகலாமா?
– வெள்ளவத்தை வாசகி

இந்த விடுமுறைக்கு வேண்டாம், அம்மா. அயல்வீட்டார் சொன்னது ஓகஸ்டுக்குச் சரி. மே தொடக்கம் செப்ரெம்பர் வரை காற்று தென்மேற்கிலிருந்து வீசும். அப்போது கல்கிசை, ஹிக்கடுவை, மிரிஸ்ஸ எல்லாம் கொந்தளிக்க, நிலாவெளி இருக்கும் திருகோணமலை, பாசிக்குடா, அறுகம்பை பக்கம் தரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசுவதால் கரையோரம் அடங்கிக் கிடக்கும். டிசம்பரில் வாடை தொடங்கிவிடும். காற்று வங்காள விரிகுடாவிலிருந்து நேராகக் கிழக்குக் கரையில் மோதும். மழையும் அந்தப் பக்கம்தான். நவம்பர், டிசம்பர் மாதங்களில் தாழமுக்கங்களும் புயல்களும் அந்த வழியாகவே வருகின்றன. டிசம்பர் தொடக்கம் மார்ச் வரை தெற்கும் மேற்கும் உங்களுக்கு: பெந்தோட்டை, உனவட்டுன, மிரிஸ்ஸ, தங்காலை. நிலாவெளியைச் சித்திரைப் புதுவருடத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

பயணத்துக்கு முதல்நாள் வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடற்பிராந்திய அறிக்கையை வாசிக்கும் பழக்கம் வரவேண்டும். அது கரையைத் துண்டு துண்டாகப் பிரித்துத்தான் சொல்லும்: “புத்தளத்திலிருந்து கொழும்பு, காலி ஊடாக ஹம்பாந்தோட்டை வரையான கடற்பரப்பு”, “காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக மட்டக்களப்பு வரையான கடற்பரப்பு” என்று வரும். நீங்கள் போகும் ஊர் எந்தத் துண்டுக்குள் விழுகிறது என்று முதலில் பாருங்கள். காற்று மணித்தியாலத்துக்கு 50 கிலோமீற்றரைத் தாண்டும் என்றிருந்தால் அது மீனவருக்கு மட்டுமான செய்தி என்று விட்டுவிடாதீர்கள். கரையில் நிற்பவருக்கும் அதே அலைதான் வரும். இன்னொன்று, அறிவிப்பில் சொல்லப்படும் அலை உயரம் ஒரு சராசரிக் கணக்கு. எல்லா அலைகளிலும் பெரிய மூன்றிலொரு பங்கை எடுத்து அவற்றின் சராசரியைச் சொல்கிறார்கள். 2.5 மீற்றர் என்று போட்டிருந்தால், அதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரமான ஒற்றை அலை இடையில் வருவது கடலில் வழக்கமான விடயம்.

கல்கிசையில் அலை உடையாமல் அமைதியாக இருந்த இடமாகப் பார்த்துத்தான் பிள்ளைகளை இறக்கினேன். பாதுகாப்பு ஊழியர் விசிலடித்து வெளியே வரச் சொல்லிவிட்டார். பக்கத்தில் அலை அடித்த இடத்தில் மற்றவர்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். ஏன் இப்படி?
– தெஹிவளை வாசகி

அவர் உங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறார். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்லவேண்டும். நமது கரைகளில் நீரில் மூழ்குவோர் பலர், அமைதியாகத் தெரிந்த இடத்தை நம்பி இறங்கியவர்கள்.

அலைகள் கரைக்குத் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கின்றன. அந்தத் தண்ணீர் திரும்பிப் போக வழி வேண்டும். கரைக்குச் சற்று வெளியே, கடலுக்கடியில் மணல் திட்டு ஒன்று கரைக்குச் சமாந்தரமாக இருக்கும். அலை உடைவது அந்தத் திட்டின்மேல்தான். திட்டில் எங்கே ஒரு வெட்டு இருக்கிறதோ அங்கே ஆழம் கூட. ஆழம் கூடிய இடத்தில் அலை உடையாது. கரையில் தேங்கிய தண்ணீர் எல்லாம் அந்த வெட்டு வழியாகத்தான் கடலுக்குத் திரும்பும். நீங்கள் அமைதி என்று பார்த்தது அந்த வாய்க்காலின் வாயை. அப்படித் திரும்பும் ஓட்டம்தான் இழுவை.

கரையில் நின்று பார்க்கும்போது அடையாளங்கள் இவை. இருபுறமும் வெள்ளை நுரை அடிக்க, நடுவில் மட்டும் ஒரு பட்டையாகத் தண்ணீர் கருமையாக இருக்கும். அந்தப் பட்டையில் நுரையும் குப்பையும் கலங்கல் மணலும் கடலை நோக்கி நகரும். மேற்பரப்பு சிறு சிறு சுருக்கங்களாகத் துடிக்கும். ஈர மணலில் நின்றால் இது தெரியாது. மேட்டில் ஏறிப் பாருங்கள். ஒரு தேங்காய் மட்டையை எறிந்துவிட்டு அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பதும் நல்ல வழி. கல்லணைகளின் ஓரங்களிலும் கால்வாய் முகத்துவாரங்களிலும் இந்த இழுவை ஏறத்தாழ நிரந்தரமாகவே இருக்கும். அலைகள் கூட்டம் கூட்டமாக வருவதால் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு இறங்குவது போதாது. குறைந்தது 20 நிமிடம் பார்க்கவேண்டும்.

இழுவையில் அகப்பட்டால் கரையை நோக்கி நீந்துவதுதான் உயிரைக் குடிக்கும் தவறு. பலமான இழுவை ஒரு செக்கனுக்கு 2 மீற்றர் வரை ஓடும். அதை எதிர்த்து நெடுநேரம் நீந்தும் வலு ஒலிம்பிக் வீரருக்கும் கிடையாது. இழுவை ஆளை வெளியே கொண்டுபோகுமே தவிர அடியில் அமுக்காது. அலை உடையும் வரிசையைத் தாண்டியதும் பெரும்பாலும் தளர்ந்துவிடும். மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்குங்கள், ஒரு கையை உயர்த்தி ஆட்டுங்கள், பிறகு கரைக்குச் சமாந்தரமாக நீந்தி, வெள்ளை நுரை தெரியும் பக்கம் போய், அங்கிருந்து அலையோடு கரைக்கு வாருங்கள்.

கரையில் நிற்பவர் உடனே பாய்ந்துவிடக்கூடாது. பிள்ளையைக் காப்பாற்றப் போன தகப்பன் இறந்து, பிள்ளை பிழைத்த சம்பவங்கள் நமது கரைகளில் நடந்திருக்கின்றன. மிதக்கும் ஏதாவது ஒன்றை எறியுங்கள். மூடி இறுக்கிய 5 லீற்றர் வெற்றுத் தண்ணீர்ப் போத்தல், கால்பந்து, ரெஜிபோம் பெட்டி எதுவானாலும் சரி. சாரத்தையோ சேலையையோ முடிந்து கயிறாக்கலாம். ஒருவர் 119 (பொலிஸ்) அல்லது 1990 (அம்புலன்ஸ்) அழைக்கட்டும், இன்னொருவர் மூழ்குபவரைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கையால் சுட்டிக்கொண்டே நிற்கட்டும். அலைக்குள் ஒரு தலை மறைந்தால் இடத்தைத் திரும்பக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

வெளியே எடுத்த பிறகு தலைகீழாகத் தூக்குவது, வயிற்றை அமுக்குவது இரண்டையும் இன்றோடு விட்டுவிடுங்கள். வயிற்றிலிருந்து வரும் தண்ணீரும் உணவும் மூச்சுக்குழாய்க்குள் போகும், மூச்சுக் கொடுக்கவேண்டிய நேரமும் வீணாகும். மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 ஊதல் என்று அம்புலன்ஸ் வரும்வரை தொடருங்கள். மூழ்கியவருக்கு முதலில் தேவைப்படுவது காற்று.

கொடிகளையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த இரண்டு கொடிகளுக்கு நடுவில் குளிக்கலாம். தனிச் சிவப்பு என்றால் இறங்கக்கூடாது. சிறு பிள்ளையோடு முழங்காலளவு தண்ணீர்தானே என்று விடாதீர்கள். கை எட்டும் தூரத்தில் நில்லுங்கள், கையில் தொலைபேசி இல்லாமல்.

கோட்டையில் ஏறி காலிப் பக்கம் போகும் ரயிலில் கடல் எந்தப் பக்கம்?
– மட்டக்குளி வாசகர்

போகும்போது வலப்பக்கம். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் தண்டவாளத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் கருங்கல் அணை மட்டும்தான். மிதிபலகையில் தொங்கிப் படம் எடுக்கவேண்டாம். சமிக்ஞைக் கம்பங்களும் பாலச் சட்டங்களும் தண்டவாளத்துக்கு மிக நெருக்கமாக நிற்கின்றன.

வெள்ளவத்தையிலிருந்து கல்கிசை வரை கடலோரமாகவே நடந்து போகமுடியுமா? பெப்ரவரியில் மணல் அகலமாக இருந்தது, ஜூனில் போய்ப் பார்த்தால் அலை கல்லில் அடிக்கிறது. மணல் எங்கே போயிற்று?
– பம்பலப்பிட்டி வாசகர்

தூரம் ஏறத்தாழ 5 கிலோமீற்றர். ஜனவரி தொடக்கம் மார்ச் வரை பெரும்பகுதியை மணலில் நடக்கலாம். வெள்ளவத்தைக் கால்வாயும் தெஹிவளைக் கால்வாயும் கடலில் விழும் இடங்களில் மட்டும் மேலே ஏறி வீதிப் பாலத்தால் கடக்கவேண்டும். அந்த வாய்களைத் தண்ணீரில் இறங்கிக் கடக்காதீர்கள். நகரத்தின் கழிவு அதில்தான் வருகிறது, அடிமணலும் ஒரு நாள் இருந்ததுபோல் மறுநாள் இருக்காது. மழை பெய்து இரண்டு நாட்களுக்குள் அந்த வாய்களுக்குப் பக்கத்தில் குளிப்பதையும் தவிருங்கள். தெஹிவளையிலிருந்து கல்கிசை வரையான பின்பாதிதான் மணல் நிறைந்த, நடக்க இன்பமான பகுதி. நேரம் குறைவென்றால் ரயிலில் தெஹிவளையில் இறங்கி அங்கிருந்து தொடங்குங்கள்.

மணல் போன இடம் தூரமில்லை. தென்மேற்குப் பருவத்தின் செங்குத்தான, நெருக்கமான அலைகள் கரை மணலைச் சுரண்டி வெளியே கொண்டுபோய், மேலே சொன்ன கடலடித் திட்டாகப் போடுகின்றன. டிசம்பருக்குப் பிறகு வரும் நீண்ட, தணிந்த அலைகள் அதையே சிறுகச் சிறுகத் திருப்பிக் கொண்டுவருகின்றன. வற்றுப்பெருக்கைக் குறை சொல்லவேண்டாம். கொழும்பில் பறுவத்துக்கும் அமாவாசைக்கும்கூட நீர்மட்ட வித்தியாசம் அரை மீற்றரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஆனால் எல்லா மணலும் திரும்புவதில்லை. இந்தக் கரையில் மணல் மொத்தத்தில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. அதற்கு ஊட்டம் கொடுப்பது தெற்கே களு கங்கை கொண்டுவரும் ஆற்று மணல். ஆற்றில் மணல் அள்ள அள்ளக் கடற்கரை மெலிகிறது. 2020 இல் கல்கிசையில் கடலடி மணலை இறைத்துக் கரையை நிரப்பினார்கள். தொடர்ந்து வந்த பருவ அலைகள் அதில் ஒரு பகுதியை இழுத்துச் சென்றதை ஊர் முழுக்கப் பார்த்தது. மணல் வரத்தைத் தடுத்துவிட்டு மணலைக் கொட்டினால் அது நிற்காது என்பதே எங்கள் எண்ணம்.

தண்டவாளத்தைக் கடப்பது பற்றி ஒரு வார்த்தை. அங்கே இரட்டைப் பாதை. ஒரு ரயில் போய் முடிந்ததும் கால் வைக்காதீர்கள், அது மறைத்த மற்ற ரயில் எதிரே வரும். அலைச் சத்தத்தில் எஞ்சின் சத்தம் காதில் விழாது. இரண்டு பக்கமும் கண்ணால் பார்த்த பிறகு கடவுங்கள்.

வடமராட்சி கிழக்கில் மணற்காட்டு மணற்குன்றுகளைப் பார்க்கக் குடும்பத்தோடு வானில் போகிறோம். எந்த மாதம், எந்த நேரம்? வானைக் குன்றடி வரைக்கும் கொண்டுபோகலாமா? என்ன கொண்டுபோகவேண்டும்?
– கொட்டாஞ்சேனை வாசகர்

நல்ல தெரிவு. நமது நாட்டில் மணற்குன்றை அதன் முழு உருவத்தில் பார்க்கக்கூடிய இடங்கள் சில மட்டும்தான்: மணற்காடு, புத்தளம் கல்பிட்டிக் கரை, பொத்துவில், யால, புந்தல. யாலவும் புந்தலவும் வனவிலங்குப் பூங்காக்கள் என்பதால் ஜீப்பைவிட்டு இறங்க விடமாட்டார்கள். மணற்காட்டில் காலாற நடக்கலாம்.

பருத்தித்துறையிலிருந்து மருதங்கேணி வீதியில் வல்லிபுரம், குடத்தனை தாண்டிப் போகவேண்டும். வல்லிபுர ஆழ்வார் கோயிலைச் சுற்றியுள்ள வெளியிலேயே மணல் தொடங்கிவிடும். மணலில் பாதி புதைந்து நிற்கும் பழைய புனித அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்கள் மணற்காட்டில் இருக்கின்றன. மணல் எப்படி நகர்ந்து வந்திருக்கிறது என்பதை அந்தச் சுவரடியில் நின்றால் கண்ணால் அளக்கலாம். சுவரில் ஏறவேண்டாம், சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்துபோன கட்டடம் அது. பக்கத்தில் மக்கள் வாழும் மீனவக் கிராமம் இருக்கிறது, சேமக்காலை இருக்கிறது. வலை காயும் இடங்களை மிதிக்காமல் சுற்றிப் போங்கள்.

மாதம் பெப்ரவரி தொடக்கம் ஏப்ரல் நடுப்பகுதி வரை. நவம்பர், டிசம்பரில் மழையும் புயலும். மே தொடக்கம் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று எழும்பினால் மணல் முகத்தில் அடிக்கும், கண் திறக்கமுடியாது. காய்ந்த மணல் மணித்தியாலத்துக்கு 20 கிலோமீற்றர் காற்றிலேயே துள்ளி நகரத் தொடங்கும். நேரம் காலை 6 தொடக்கம் 9 வரை, அல்லது பின்னேரம் 4 மணிக்குப் பிறகு. நடுப்பகலில் மணலின் மேற்பரப்பு 50 பாகை செல்சியசைத் தாண்டும். செருப்புக் கழன்று நான்கு எட்டு வைத்தாலே சிறு பிள்ளைகளின் பாதம் கொப்பளித்துவிடும். காலைச் சாய்ந்த வெயிலில்தான் மணல் வரிகளின் நிழலும் விழும், படம் எடுப்பவருக்கும் அதுவே நேரம். ஒருவருக்கு 2 லீற்றர் தண்ணீர், பின்பக்கம் பட்டி உள்ள செருப்பு அல்லது சப்பாத்து, தொப்பி, கண்ணாடி, மெல்லிய முழுக்கைச் சட்டை. குன்றில் நிழல் கிடையாது.

ஏறும்போது குன்றின் முகத்தைப் பாருங்கள். காற்று வரும் பக்கம் சரிவு மென்மையாக, 10 முதல் 15 பாகை வரை இருக்கும். மணல் இறுகி, கால் புதையாது. மறுபக்கம் மணல் தானாகச் சரிந்து நிற்கும் பக்கம், ஏறக்குறைய 33 பாகை. அதற்குமேல் காய்ந்த மணல் நிற்காது, கால் வைத்தால் முழங்கால்வரை புதையும். காற்றுப் பக்கத்தால் ஏறி அதே வழியால் இறங்குங்கள். எந்தப் பக்கத்தால் காற்று வருகிறது என்று தெரியாவிட்டால் மணல் வரிகளைப் பாருங்கள். அவற்றிலும் மென்சரிவு காற்றுப் பக்கம்தான்.

கொடி படர்ந்த இடத்தில் ஏறவே கூடாது. குன்றைப் பிடித்து வைத்திருப்பவை அடம்பன் கொடியும் இராவணன் மீசை என்ற முட்புல்லும்தான். திரண்டால் மிடுக்கு என்று பழமொழியில் வரும் அதே அடம்பன். ஊதாப் பூவும் ஆட்டுக் குளம்புபோல் பிளந்த இலையும் கொண்ட கொடி. கணுவுக்குக் கணு வேர்விட்டு, மணல் மூட மூட மேலே வளர்ந்து, அந்த மணலையே கட்டிப்போடும். பலர் ஒரே தடத்தில் ஏறிக் கொடி அறுந்தால் அந்த வெட்டில் காற்று புகுந்து குடையும். சில பருவங்களுக்குள் குன்றில் பள்ளம் விழும், மணல் ஊருக்குள் நகரும். குன்று இருப்பதன் பெறுமதி 2004 டிசம்பர் 26 அன்று தெரிந்தது. யாலவில் கடற்காட்சிக்காக முன்னாலிருந்த குன்றின் ஒரு பகுதியை அகற்றியிருந்த சுற்றுலா விடுதி ஒன்று சுனாமியில் அழிந்துபோனது. குன்று முழுதாக நின்ற பக்கங்கள் அந்த அளவுக்குப் பாதிக்கப்படவில்லை. வடமராட்சிக் குன்றுகளில் மணல் அள்ளுவதை அந்த ஊர் மக்கள் ஏன் எதிர்க்கிறார்கள் என்பதை இதோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

இனி வான். தார் வீதியிலோ இறுகிய கிரவல் பாதையிலோ நிறுத்திவிட்டு நடந்து போங்கள், இதுவே எங்கள் பதில். நிறுத்த இடம் தேடி ஓரமாகத் திருப்பும்போதுதான் அநேகமான வான்கள் புதைகின்றன.

புதைந்துவிட்டால், சில்லு வெறுமனே சுற்றத் தொடங்கிய அந்தக் கணமே காலை எடுங்கள். சாரதிமார் இங்கே அக்சிலரேற்றரை இன்னும் அழுத்துவதால்தான் வண்டியின் அடிப்பாகம் மணலில் உட்காருகிறது. உட்கார்ந்த பிறகு எத்தனை பேர் தள்ளினாலும் நகராது. எல்லாரும் இறங்கிச் சாமான்களையும் இறக்குங்கள். சில்லுகளுக்கு முன்னும் பின்னும் மண்வெட்டியால் சரிவாக மணலை எடுங்கள், அடிப்பாகம் தட்டினால் அங்கேயும் எடுங்கள். ரயர் காற்றை 32 பி.எஸ்.ஐ. அளவிலிருந்து 18க்கு இறக்குங்கள். ரயர் நீளமாகப் படிந்து பாரத்தைப் பரப்பும், பாதி வேலை இதிலேயே முடியும். இழுக்கும் சில்லுகளுக்கு அடியில் பனையோலை, தென்னோலை அல்லது வானின் கால்விரிப்பைச் செருகுங்கள். ஸ்ரியறிங்கை நேராக வைத்து, வந்த தடத்திலேயே றிவர்சில் மெதுவாக எடுங்கள். அந்தத் தடம் ஏற்கனவே இறுகியிருக்கிறது. தள்ளுபவர்கள் சில்லுக்கு நேரே நிற்கவேண்டாம், செருகிய ஓலையும் விரிப்பும் வேகமாகத் தெறிக்கும்.

வெளியே வந்ததும் குறைந்த காற்றோடு யாழ்ப்பாணம் வரை ஓடிவிடாதீர்கள். வளைவில் ரயர் றிம்மைவிட்டுக் கழன்றுவிடும், வேகத்தில் சூடேறி வெடிக்கவும் கூடும். மணித்தியாலத்துக்கு 40 கிலோமீற்றருக்குள் ஓட்டிப்போய் முதல் பெற்றோல் செற்றில் காற்றை நிரப்புங்கள். சிறிய கைப்பம்பும் காற்று அளக்கும் கருவியும் வானில் இருந்தால் அந்தக் கவலையும் இல்லை.

பிள்ளைகள் மணலில் ஆழமாகக் குழி தோண்டி உள்ளே இறங்கி விளையாடுகிறார்கள். இதில் என்ன ஆபத்து இருக்கப்போகிறது?
– வத்தளை வாசகர்

உயிராபத்து இருக்கிறது. ஈர மணல் நிற்கும், காய்ந்தால் சரியும். குழியின் சுவர் வெயிலில் காய்ந்துகொண்டே இருப்பதால் தோண்டும்போது நின்ற சுவர் அரை மணித்தியாலத்தில் விழலாம். ஒரு கன மீற்றர் மணல் ஒன்றரைத் தொன்னுக்கும் மேல் பாரம். நெஞ்சுவரை மூடினால் பிள்ளையால் மூச்சை உள்ளிழுக்கமுடியாது, கையால் தோண்டத் தோண்ட மணல் திரும்பவும் விழுந்துகொண்டே இருக்கும். இருப்பவர்களில் மிகக் குட்டையான பிள்ளையின் முழங்காலளவு ஆழம் போதும். குன்றின் பக்கவாட்டில் சுரங்கம் குடைய எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். போகும்போது குழியை மூடுங்கள். இரவில் கரையேறும் ஆமைக்கும் வலை இழுக்க வரும் மீனவருக்கும் அது பொறி.

தலைமன்னாரில் நின்றால் இந்தியக் கரை தெரியும் என்கிறார்கள். உண்மையா? காலிமுகத்திடலில் நின்று எவ்வளவு தூரம் கடலைப் பார்க்கலாம்?
– கிராண்ட்பாஸ் மாணவர்

கணக்கு சுலபமானது, தம்பி. கண் இருக்கும் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் அடிவானத்தின் தூரம் கிலோமீற்றரில் வரும். காலிமுகத்திடலின் மணலில் இறங்கி நிற்கும்போது உங்கள் கண் நீர்மட்டத்திலிருந்து 1.6 மீற்றர் என்றால் அடிவானம் 4.5 கிலோமீற்றர்தான். தெவிநுவர வெளிச்சவீடு 49 மீற்றர் உயரம். அந்த உயரத்திலிருந்து 25 கிலோமீற்றர்.

தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி ஏறக்குறைய 30 கிலோமீற்றர். அங்கே இருப்பது தாழ்ந்த மணல்தரை. 4.5 கிலோமீற்றரில் உங்கள் அடிவானம் முடிந்துவிடுவதால் தனுஷ்கோடி மணல் அதற்குக் கீழே மறைந்திருக்கும். தெளிவான நாளில் தெரிவதாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் நடுவிலுள்ள மணல் திட்டுகள். கப்பலுக்கும் இதே கணக்குத்தான். 40 மீற்றர் உயரக் கொள்கலன் கப்பல் ஒன்றின் உச்சி 27 கிலோமீற்றரிலேயே தெரியத் தொடங்கும், உடல் பிறகுதான் எழும்பும். காலிமுகத்திடலில் ஒரு பின்னேரம் தொலைநோக்கியோடு நின்று துறைமுகத்துக்கு வரும் கப்பலைப் பார்த்தால் பூமியின் வளைவைக் கண்ணாலேயே காணலாம்.

கடலை உயரத்திலிருந்து பார்க்க நல்ல இடங்கள் இரண்டு மூன்று சொல்லுங்கள். வயதான பெற்றோரும் வருகிறார்கள்.
– கல்கிசை வாசகி

முதலிடம் திருகோணமலை சுவாமி மலைக்கு. திருக்கோணேஸ்வரம் கோயில் வரை வாகனம் கிட்டத்தட்டப் போய்விடுவதால் பெற்றோருக்கு ஏறும் சிரமம் குறைவு. நடுப்பகலில் கல் தகிக்கும், செருப்பைக் கழற்றவேண்டிய இடம் என்பதால் காலைப் பூசைக்குப் போங்கள். இராவணன் வெட்டுப் பக்கம் வேலிக்கு உள்ளேயே நில்லுங்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களில் போனால் கடலைச் சும்மா பார்த்துவிட்டு வராதீர்கள். கொட்டியாரக் குடாவுக்குள் கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு மிக அருகில்வரை வருவதால் நீலத் திமிங்கிலங்கள் இந்த மலையிலிருந்தே தென்படும். திமிங்கிலத்தின் உடலைத் தேடாதீர்கள். அதன் மூச்சைத் தேடுங்கள்: தண்ணீரில் நட்ட தூண்போல 9 மீற்றர் வரை எழும் வெள்ளைப் புகை. ஒரு முறை எழுந்தால் அதே பக்கத்தில் சில தடவை எழும், பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் ஒன்றும் இராது. வெயில் முதுகுப்பக்கம் விழும் பின்னேரத்தில் பார்ப்பது சுலபம்.

காலிக் கோட்டை மதிலும் முதியவர்களுக்கு ஏற்றது, ஆனால் கைப்பிடிச் சுவர் இல்லாத இடங்கள் நிறைய. திக்வெல்லைக்குப் பக்கத்தில் குடாவெல்லவிலுள்ள ஹுமன்யவில் பாறைப் பிளவால் கடல்நீர் பீறிட்டு எழும். அது நன்றாக எழுவது தென்மேற்குப் பருவத்தில். டிசம்பரில் போய் ஏமாந்தவர்கள் பலர். மன்னார் அரிப்பில், ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 1801 அளவில் கட்டத் தொடங்கிய மாளிகை இடிந்து நிற்கிறது. ஊரார் அல்லிராணிக் கோட்டை என்பார்கள். அது நிற்கும் செம்மண் மேட்டைக் கடல் அடியில் குடைந்து தின்றுகொண்டிருக்கிறது. விளிம்பிலிருந்து குறைந்தது மூன்று மீற்றர் தள்ளி நில்லுங்கள், கீழே இறங்கினால் மேட்டின் நிழலில் உட்காராதீர்கள்.

எந்தப் பாறையானாலும் ஒரு விதி. கல் காய்ந்து வெளுத்திருந்தால் நிற்கலாம். ஈரமாக, கறுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் அலை அங்கே வந்து போகிறது என்று அர்த்தம். அந்தப் பாசியில் எந்தச் செருப்பும் பிடிக்காது.

கடலில் ஜெலிமீன் பட்டு என் மகளின் கை தடித்துவிட்டது. யாரோ மணலால் தேய்த்து நல்ல தண்ணீரால் கழுவச் சொன்னார்கள். வலி கூடியதுதான் மிச்சம்.
– நீர்கொழும்பு வாசகி

இரண்டும் பிழையான வைத்தியம். தோலில் ஒட்டிய இழைகளில் வெடிக்காத நச்சுப் பைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். தேய்த்தாலும் நல்ல தண்ணீர் பட்டாலும் அவை வெடிக்கும். முதலில் கடல்நீரை ஊற்றுங்கள். இழைகளைச் சிறு கவ்வியால் அல்லது குச்சியால் தூக்கி எடுங்கள், விரலால் தொடவேண்டாம். பிறகு 45 பாகை செல்சியசுக்கு மேற்படாத, பொறுக்கக்கூடிய சூட்டுத் தண்ணீரில் 20 நிமிடமாவது வைத்திருங்கள். சூட்டைக் காயம் படாத வேறொருவர் கையைவிட்டுப் பார்க்கவேண்டும், வலியில் இருப்பவருக்குச் சூடு தெரியாது. மூச்சுத் திணறல், வாந்தி, முகவீக்கம் இருந்தால் உடனே 1990.

திருக்கை குத்தினாலும் இதே சூட்டுத் தண்ணீர்தான், 30 நிமிடத்திலிருந்து ஒன்றரை மணித்தியாலம் வரை. முள் உள்ளே ஒடிந்திருக்கலாம் என்பதால் வலி தணிந்தாலும் வைத்தியசாலைக்குப் போகத்தான் வேண்டும், ஏற்பு ஊசியும் பார்க்கவேண்டும். ஆழமில்லாத மணல் தரையில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் திருக்கை முன்னதாகவே விலகிவிடும்.

ரெக்காவையில் ஆமை பார்க்கப் போகிறோம். கமராவும் ரோச்சும் கொண்டுபோகலாமா?
– பொரளை வாசகர்

கமராவின் பிளாஷ் கூடாது, வெள்ளை ரோச் கூடாது. கரையேறும் ஆமை வெளிச்சத்தைக் கண்டால் முட்டை இடாமலே திரும்பிவிடும். வழிகாட்டி சொல்லும்வரை மேட்டில் இருந்து, முட்டை விழத் தொடங்கிய பிறகு பின்பக்கத்தால் மட்டும் நெருங்குங்கள். சில இரவுகளில் நள்ளிரவு தாண்டியும் ஒன்றும் வராது, அந்தப் பொறுமையோடு போங்கள். ஐந்து இன ஆமைகள் நமது கரைகளில் முட்டையிடுகின்றன, ஐந்தும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. குஞ்சுகளைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கவைக்கும் இடங்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். கடலுக்கு ஓடவேண்டிய முதல் மணித்தியாலங்களின் பலம் அங்கே தொட்டிக்குள் வீணாகிறது.

சிப்பி, பவளத் துண்டு, ஒரு போத்தல் மணல், இவற்றை நினைவுக்காக எடுத்துவரலாமா? மணலுக்குள் வெள்ளையாகச் சின்னச் சின்ன உருண்டைகளும் கிடக்கின்றன, அவை என்ன?
– ஜா-எல வாசகி

பவளம் வேண்டாம், செத்த துண்டும் வேண்டாம். மணலும் அப்படித்தான். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரையான பகுதியைக் கரையோர வலயமாக வகுத்திருக்கிறது. அங்கே அனுமதியின்றி மணல் அகற்றக்கூடாது. வெற்றுச் சிப்பிகளையும் விட்டுவைப்பது நல்லது, துறவி நண்டுக்கு அவைதான் வீடு.

அந்த வெள்ளை உருண்டைகள் பருப்பளவில், பளபளப்பாக, நசுக்கினால் நசியாமல் இருந்தால் அவை பிளாஸ்ரிக். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றியபோது கடலில் கொட்டியவை. உங்கள் பக்கத்துச் சரக்குவக் கரையில்தான் அவை குவிந்து கிடந்தன. மேல்மணலைத் துப்புரவாக்கினாலும் அடியிலுள்ளவை அலை சுரண்டும்போது திரும்ப வெளிவருகின்றன. சில, தீயில் கருகி இரசாயனம் ஊறியவை. பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எடுக்க விரும்பினால் சமையலறை வடிதட்டால் காய்ந்த மணலை அரித்து எடுத்து, மூடியுள்ள போத்தலில் போட்டுக் குப்பை எடுப்பவர்களிடம் தனியாகக் கொடுங்கள். அரித்த மணலை எடுத்த இடத்திலேயே கொட்டிவிடுங்கள்.